யே யே என்றால் சைகடெலிக்கா?

2014இல் அமெரிக்காவின் 'சப்லைம் ஃப்ரீக்வன்சீஸ்' நிறுவனம் ஒரு தொகுப்பு இசைத்தட்டை வெளியிட்டது. தொகுத்தவர் கார்ல் ஹாம். தலைப்பு 'பாப் யே யே'. அதன் கீழே துணைத்தலைப்பாக 'சிங்கப்பூர், மலேசியாவின் சைகடெலிக் ராக், 1964–1970'. வம்பு அந்தத் துணைத்தலைப்பில்தான் இருக்கிறது.

கேட்கிற யாருக்கும் இரண்டு எண்ணம் வரும். பழைய சிறு தட்டுகளில் கிடந்து கீறல் விழுந்துபோன பாட்டுகளை ஒருத்தர் தேடிப்பிடித்துத் தந்திருக்கிறாரே, நன்றி சொல்லாமல் என்ன குறை என்பது ஒன்று. இதுக்குப் பேர் எப்பய்யா சைகடெலிக் ஆச்சு என்பது இன்னொன்று.

காலவரிசை இரண்டாவது எண்ணத்தின் பக்கம் நிற்கிறது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வந்து வாசித்தார்கள். அந்த எதிரொலிக் கிட்டாரில் மயங்கிய மலாய் இளைஞர்கள் ஊருக்கு ஊர் குழு கட்டினார்கள். மூன்று கிட்டார், ஒரு டிரம்ஸ், முன்னால் ஒரு பாடகர். இதற்கு அவர்கள் வைத்த பேர் 'கூகிரான்'. துள்ளல் கிட்டார் குழு என்ற மலாய்த் தொடரின் சுருக்கம் அது. பீட்டில்ஸின் 'யே யே' கூச்சல் இசைக்கே பேராகிவிட்டது. முதல் பாப் யே யே பாட்டு என்று பலரும் சொல்லும் எம். ஒஸ்மானின் 'சுசானா' வந்தது 1964இல். பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' வந்ததோ 1967இல். போதையும் ஹிப்பிகளும் சேர்ந்து சைகடெலிக் என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது அந்தச் சமயத்தில்தான்.

ஆனாலும் தொகுத்தவரின் காதைக் குறை சொல்ல முடியாது. அறுபதுகளின் கடைசியில் கிட்டாரை வேண்டுமென்றே கரகரக்க விடும் ஃபஸ் ஒலி இங்கும் வந்துவிட்டது. அதன் மேலே மலாய் அஸ்லிப் பாட்டின் குழைவோடு ஒரு குரல் வளைந்து போகும்போது, வெளியூர்க் காதுக்கு அது மயக்கமாகத்தான் படும்.

இந்தியாவிலும் இதே கதைதான். சிம்லா சிகரெட் பேரில் நடந்த போட்டியிலிருந்து 1970, 71இல் வந்த 'சிம்லா பீட்' தட்டுகளில் மெட்ராஸின் 'கன்ஃப்யூஷன்ஸ்' குழுவும் இருந்தது. இன்றைக்கு அவையும் சேகரிப்பாளர்களுக்குச் சைகடெலிக் புதையல்.

வந்த காலத்திலேயே இந்த இசைக்கு வசவு கிடைத்தது. 'மஞ்சள் கலாசாரம்' என்றார்கள். பி. ரம்லியின் இசை பழசு என்று ஓரங்கட்டப்பட்டதற்கு இந்த அலையும் ஒரு காரணம். நீள முடிக்காரர்களைச் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில் கடைசியில்தான் கவனித்தார்கள். 1992இல்கூட மலேசியாவில் அமி, அவி என்ற இரண்டு ராக் பாடகர்களின் முடியைத் தகவல் அமைச்சர் எல்லாரும் பார்க்க வெட்டினார்.

இதில் நாம எங்கே? 'சுசானா' வந்த அதே 1964இல்தான் 'காதலிக்க நேரமில்லை'யும் வந்தது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி அதில் ட்விஸ்ட் தாளத்தை வைத்து விளையாடியிருப்பார்கள். ஆக, கித்தா மரத்து நிழலில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் கிட்டார் அந்நியமில்லை. சினிமாப் பாட்டு வழியாக அது லயத்துக்குள் வந்திருந்தது. பினாங்கில் அறுபதுகளின் இறுதியில் தொடங்கிய 'அல்லிகேட்ஸ்' குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் நம் பிள்ளைகள். பம்பை முடியோடு ஹாங்காங் வரை போய் வாசித்தவர்கள். லோகநாதன் 2007இல் இறந்தார். அண்ணன் தம்பி இருவரும் நாடறிந்தவர்கள் ஆனது மலாய்ப் பாட்டில்.

பேர் வைப்பது சின்ன விஷயமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். பாப் யே யே என்றால் மலாய்ப் பாட்டு. சைகடெலிக் என்றால் மேற்கத்தியச் சேகரிப்பாளரின் அலமாரி. இரண்டு பேரிலும் தோட்டத்தில் நின்று கேட்ட தமிழன் இல்லை. தட்டு இருக்கிற இசைக்கு என்றைக்காவது ஒரு கார்ல் ஹாம் வருவார். கேட்டவன் நினைவுக்குத் தட்டு கிடையாது.

சிம்பாங் அம்பாட் என்றால் நாலு சடக்கு கூடும் சந்தி. அங்கே, அலோர் காஜாவில், மஸ்ஜிட் தானாவில் எழுபதைத் தாண்டிய தாத்தாக்களும் பாட்டிகளும் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் குழு வாசித்தது, எந்தப் பாட்டுக்கு ஆடினீங்க, அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க என்று கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். சைகடெலிக்கா இல்லையா என்ற சண்டையை அதற்கப்புறம் போடலாம்.