50 வயதான ஏர் இந்தியா கட்டடம் அரசு அலுவலகமாகிறது: பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதில் என்னென்ன அடங்கும்?

'அடுத்த மாதம் புது ஆபீஸுக்கு மாறுகிறோம்' என்று நிறுவனத்திலிருந்து மெயில் வருகிறது. போய்ப் பார்த்தால் பளபளக்கும் வரவேற்பறை, புது நாற்காலிகள், காபி மெஷின். கட்டடம் மட்டும் உங்களைவிட வயதில் மூத்தது. 'உள்ளே எல்லாத்தையும் புதுசா மாத்திட்டோம்' என்கிறார்கள். அந்த 'எல்லாம்' என்பதில் எது எது சேர்த்தி? சுவருக்குப் பின்னால் ஓடும் வயரும் உண்டா? பூட்டிக் கிடந்த அவசரப் படிக்கட்டும் உண்டா?

இதைப் புரிந்துகொள்ள, நாடு முழுக்கத் தெரிந்த ஒரு கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம்.

என்ன நடந்தது?

மும்பை நாரிமன் பாயின்ட்டில் கடலைப் பார்த்து நிற்கும் 23 மாடி ஏர் இந்தியா கட்டடம் 1974-ல் கட்டி முடிக்கப்பட்டது. விமான நிறுவனம் 2013-ல் தலைமையகத்தை டெல்லிக்கு மாற்றியது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்குப் போனபோது இந்தக் கட்டடம் அந்த விற்பனையில் சேரவில்லை. மத்திய அரசின் ஏஐ அசெட்ஸ் ஹோல்டிங் நிறுவனத்திடமே இருந்தது. அதை 1,601 கோடி ரூபாய்க்கு வாங்க மகாராஷ்டிர அமைச்சரவை 2023 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசும் சம்மதித்தது.

மாநில அரசுக்கு இது ஏன் தேவைப்பட்டது? தலைமைச் செயலகமான மந்திராலயாவில் 2012 ஜூன் 21 அன்று பெரும் தீ விபத்து ஏற்பட்டது. அதன்பின் பல துறைகள் நகரின் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறின. அவற்றை மந்திராலயாவுக்கு அருகிலேயே கொண்டுவருவதுதான் நோக்கம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், மொத்தப் பரப்பு 46,470 சதுர மீட்டர், அதாவது சுமார் 5 லட்சம் சதுர அடி. ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 32,000 ரூபாய் ஆகிறது. இது வாங்கும் விலை மட்டுமே. அரைநூற்றாண்டுக் கட்டடத்தை இன்றைய அலுவலகமாக்கும் செலவு தனி.

முதல் கேள்வி: எலும்பு உறுதியாக இருக்கிறதா?

மும்பையில் 30 ஆண்டுகளைத் தாண்டிய கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை சட்டப்படி கட்டாயம். பொறியாளர்கள் கான்கிரீட்டுக்குள் மீயொலி அலை அனுப்பி உள்ளே வெற்றிடம் உண்டா என்று பார்ப்பார்கள். சில இடங்களில் உருளையாகத் துளைத்தெடுத்து, ஆய்வகத்தில் அழுத்திச் சோதிப்பார்கள். கடலோரத்தில் இன்னொரு எதிரி உண்டு, உப்புக்காற்று. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து உதிரும். அந்த இடத்தில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் நோயை மறைத்ததாகவே ஆகும்.

கட்டடத்தின் வரலாறும் தணிக்கையில் சேர வேண்டும். இந்தக் கட்டடத்தில் 1993 மார்ச் 12 அன்று குண்டு வெடித்தது. எந்தப் பகுதி எப்போது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்ற பழைய பதிவுகள் பொறியாளருக்கு மருத்துவ அறிக்கை போல.

புதுக் குடித்தனக்காரர் யார் என்பது ஏன் முக்கியம்?

ஆள் மாறினால் எடையும் மாறும். இந்தியத் தர விதிகளின்படி சாதாரண அலுவலக அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ தாங்கினால் போதும். கோப்பு அறை என்றால் அது இரண்டு மடங்கு, சுமார் 500 கிலோ. அரசு அலுவலகம் வருகிறது என்றால் கோப்புகளும் வரும். 'காலி இடம்தானே, இங்கே ரெக்கார்ட் ரூம் வெச்சுக்கலாம்' என்று நினைத்த இடத்தில் வைக்க முடியாது. ஐடி நிறுவனத்தின் யுபிஎஸ் பேட்டரி அறைக்கும் இதே சிக்கல்தான்.

மாற்ற முடிந்தது எது, முடியாதது எது?

*மின்சாரம்:* 1974-ல் மேசைமேல் இருந்தது டைப்ரைட்டரும் தொலைபேசியும். இன்று ஒவ்வொரு இருக்கைக்கும் லேப்டாப், மானிட்டர், சார்ஜர். அதனால் டிரான்ஸ்ஃபார்மர் தொடங்கி, மாடிக்கு மாடி ஏறும் கேபிள் வரை எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

*ஏசி:* பழைய இயந்திரங்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-22 வாயுவை, மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி இந்தியா 2030-க்குள் கைவிடுகிறது. பழைய இயந்திரங்களைப் பராமரிக்கச் சிறு அளவுக்கு மட்டுமே விதிவிலக்கு. அதை ரிப்பேர் செய்து ஓட்டுவது ஓரிரு வருட வைத்தியம். மாற்றினால் பலன் கிடைக்கும் என்பதற்கு மும்பையிலேயே உதாரணம் உண்டு. 1972-ல் கட்டிய கோத்ரெஜ் பவன் 2010-ல் மேம்படுத்தப்பட்டது. குளிரூட்டும் இயந்திரத்தை மாற்றியதுதான் அதில் பெரிய செலவு.

*கழிவறை:* தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அலுவலகங்களில் 25 ஆண்களுக்கு ஒன்று, 15 பெண்களுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்கிறது. பெண்கள் குறைவாக வேலை பார்த்த காலத்துக் கட்டடத்தில் இந்த விகிதம் இடிக்கும். குழாய்கள் ஏறும் இடம் மாறாது என்பதால் நினைத்த மூலையில் புதிதாகக் கட்டவும் முடியாது.

*அணுகல்:* 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் அணுகத்தக்கதாக மாற்றச் சொல்கிறது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சாய்தளம் சுலபம். கதவையும் அகலப்படுத்திவிடலாம். லிஃப்ட் குழியை அகலப்படுத்துவதுதான் கடினம்.

உயிர் சம்பந்தப்பட்ட பகுதி

2010 பிப்ரவரி 23, பெங்களூரு கார்ல்டன் டவர்ஸ். மின்கம்பிகள் போகும் குழாய்ப்பாதையில் தொடங்கிய தீயின் புகை மாடிகளை நிரப்பியது. தப்பிக்க வழி இல்லாமல் சிலர் ஜன்னல் வழியே குதித்தார்கள். 9 பேர் இறந்தார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 23 அன்று கொல்கத்தாவின் பழமையான ஸ்டீபன் கோர்ட் கட்டடத்தில் தீ. 43 பேர் இறந்தார்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது.

புதுப்பிக்கும்போது புது கேபிள் இழுக்க ஒவ்வொரு தளத்திலும் ஓட்டை போடுவார்கள். வேலை முடிந்ததும் அதைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் அடைத்தார்களா இல்லையா என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அடைக்காத ஓட்டை வழியே புகை மாடி மாடியாக ஏறும்.

அதனால்தான் வேலையின் வரிசை முக்கியம். முதலில் கட்டமைப்பு, அடுத்து நீர்க்கசிவு, பிறகு மின்சாரமும் குழாய்களும் தீயணைப்பும், கடைசியில்தான் அலங்காரம். திறப்பு விழா தேதியை முதலில் முடிவு செய்துவிட்டால், அவசரத்தில் முதலில் அடிபடுவது கண்ணில் படாத வேலைகள்தான்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?

சில நேரங்களில் அதுதான் சரி. ஆனால் எலும்புக்கூடு நன்றாக இருந்தால், அதற்குள் ஏற்கெனவே செலவான சிமென்ட்டையும் எஃகையும் குப்பையாக்கி, மறுபடி அதே அளவு உற்பத்தி செய்ய வேண்டிய அவசியமில்லை.

உங்கள் அலுவலகம் மாறுகிறதா? ஐந்து கேள்விகள்

1. கட்டமைப்புத் தணிக்கை கடைசியாக எப்போது நடந்தது? அதில் சொன்ன பழுதுகள் சரிசெய்யப்பட்டனவா?
2. தீயணைப்புச் சான்று நடப்பில் உள்ளதா? மகாராஷ்டிராவில் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்று கொடுக்க வேண்டும்.
3. கேபிள் பாதைகள் ஒவ்வொரு தளத்திலும் அடைக்கப்பட்டுள்ளனவா? ஒவ்வொரு தளத்தின் புகைப்படம் கேளுங்கள்.
4. உங்கள் இருக்கையிலிருந்து இரண்டாவது படிக்கட்டு எங்கே?
5. சக்கர நாற்காலியில் வரும் சக ஊழியர், வாசலிலிருந்து கழிவறை வரை யாருடைய உதவியும் இல்லாமல் போக முடியுமா?

முதல் மூன்று கேள்விகளை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கடைசி இரண்டுக்கு நீங்களே விடை காணலாம். முதல் நாள் காபி மெஷினைத் தேடிப் போகும் முன், அந்த இரண்டாவது படிக்கட்டில் ஒருமுறை தரைத்தளம் வரை இறங்கிப் பாருங்கள். கீழே கதவு திறக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.