கோப்பை ஜெயித்த கிளப்பும், கடன் வாங்காத கிளப்பும்

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். இந்தியாவின் தேசிய ஃபுட்பால் லீக்கை ஒரு தமிழ்நாட்டு கிளப் ஜெயித்திருக்கிறது. எந்த கிளப், எந்த வருஷம்?

"சென்னையின் எஃப்.சி." என்று சொல்லத் தோன்றும். இல்லை, அது ஐ.எஸ்.எல். அதை அவர்கள் 2015லும் 2018லும் ஜெயித்தார்கள். நான் கேட்பது ஐ-லீக். 2007ல் ஆரம்பித்த அந்த லீக்தான் 2019 வரை அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் அதிகாரபூர்வமான தேசிய லீக். 2018-19 சீசனில் அதை ஜெயித்தது சென்னை சிட்டி எஃப்.சி. மூன்றே சீசன் கழித்து, 2021-22ல், அந்த லீக்கின் அணிப் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை!

இன்னொரு பக்கம் ஸ்பெயினில் எய்பார் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் கிளப் ஆரம்பித்தது 1940ல். இன்று வரை பெரிய கோப்பை எதுவும் ஜெயித்ததில்லை. ஆனாலும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு கிளப்புகளின் சரித்திரத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு கிளப்பை உயிரோடு வைத்திருப்பது எது என்று ஓரளவு புரிகிறது. முதலில் நம்ம கிளப்.

பெயரில் சென்னை, ஆடியது கோவையில்

சென்னை சிட்டி பல வருஷம் சென்னை உள்ளூர் லீக்கில் ஆடிய கிளப். 2016-17 சீசனில் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர இரண்டு அணிகளுக்கு வாய்ப்பு கிடைத்தது. ஒன்று பஞ்சாபின் மினர்வா, இன்னொன்று சென்னை சிட்டி. பழைய தேசிய லீக்கில் இந்தியன் வங்கி அணி ஆடியது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு தேசிய அளவில் முதல் பிரிவில் லீக் அணி இல்லாமல் இருந்த குறை இதனால் தீர்ந்தது.

முதல் சீசன் சென்னை நேரு ஸ்டேடியத்தில். இரண்டாவது சீசனில் கிளப் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்கு மாறியது. பெயரில் சென்னை, மைதானம் 500 கிலோமீட்டர் தள்ளி. 2017-18ல் 10 அணிகளில் 8வது இடம். கன்னியாகுமரி கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அந்த சீசனில் எல்லோர் கண்ணிலும் பட்டார், அடுத்த சீசனுக்கு ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். அடுத்த வருஷம் இந்த அணி ஜெயிக்கும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

நான்கு பேர், 48 கோல்

2018ல் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். கூடவே ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்த நான்கு பேர்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரொட்ரீகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. (மான்சி பிறந்தது உருகுவேயில்.) நால்வரில் ஒருவர்கூட பிரபலம் கிடையாது. ஸ்பெயினில் சின்ன ஊர் கிளப்புகளின் எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை. அவற்றில் ஆடிப் பழகியவர்கள்தான் இப்படி உலகம் முழுக்கப் போய் ஆடுகிறார்கள்.

26.10.2018 அன்று முதல் மேட்ச். இந்தியன் ஆரோஸை 4-1 என்று சென்னை சிட்டி அடித்தது. அதில் மான்சிக்கு ஹாட்ரிக். சீசன் முடிவில் அவர் கணக்கு 21 கோல். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம்ம பையன்களும் அந்த அணியில் தொடர்ந்து ஆடினார்கள். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன பாஸாகக் கொடுத்து முன்னேறும் ஆட்டம். மொத்தம் 20 மேட்சில் 48 கோல்.

கடைசி நாள் 2019 மார்ச் 9. கோவையில் சென்னை சிட்டிக்கு மினர்வாவோடு மேட்ச். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு. சென்னை சிட்டி ஜெயித்தால் பட்டம் நிச்சயம், தவறினால் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடலாம். மூன்றாவது நிமிஷமே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் கோல் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? டிஃபெண்டர் கௌரவ் போரா! ஒன்றல்ல, இரண்டு. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் 42 புள்ளிதான். சென்னை சிட்டிக்கு 43. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

அதற்கப்புறம்

அதே 2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஏப்ரலில் சூப்பர் கப்பில் பெங்களூரு எஃப்.சி.யைத் தோற்கடித்து அரையிறுதிக்கும் போனார்கள். எல்லாம் ஏறுமுகம்தான்.

ஆனால் 2019 அக்டோபரில் நாட்டின் முதல்நிலை லீக் என்ற இடம் ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கியது. ஐ-லீக் ஜெயித்தால் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்ற வழி திறந்ததே 2022-23 சீசனில்தான். 2019ல் ஜெயித்தவர்களுக்கு மேலே ஏற ஏணியே இல்லை. அணியும் கலைய ஆரம்பித்தது. கோர்டியோ ஹைதராபாத் எஃப்.சி.க்குப் போனார். 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனார். ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 தோல்வி. மார்ச்சில் மாலத்தீவின் மாசியா அணியோடு ஏ.எஃப்.சி. கப் மேட்ச் 2-2 டிரா. அதற்கு "சொந்த மைதானம்" அகமதாபாத்! உடனே கொரோனா வந்தது, அந்த வருஷப் போட்டியே ரத்தானது. 2020-21 ஐ-லீக் முழுக்க மேற்கு வங்காளத்தில் நடந்தது. அதில் சென்னை சிட்டி கீழ்ப் பாதியில் முடித்தது. அடுத்த சீசனில் கிளப்பே இல்லை.

கொரோனா, லீக் மாற்றம், வீரர்கள் போனது... காரணம் ஒன்றல்ல. ஆனால் இதே மாதிரி அடிகளை வாங்கியும் ஒரு கிளப் விழாமல் இருக்க முடியுமா? அதற்குத்தான் எய்பாருக்குப் போக வேண்டியிருக்கிறது.

அறந்தாங்கியைவிடச் சின்ன ஊர்

எய்பார், வடக்கு ஸ்பெயினில் பாஸ்க் நாட்டு மலைகளுக்கு நடுவே ஒரு இடுக்குப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 27,000. 2011 கணக்கெடுப்பில் நம்ம அறந்தாங்கிக்கே 40,000 பேர், புதுக்கோட்டை நகரத்துக்கு 1,17,000 பேர். அப்படியானால் எவ்வளவு சின்ன ஊர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழில் நகரம். பல தலைமுறையாகத் துப்பாக்கி செய்த ஊர். 1920ல் துப்பாக்கித் தொழிலாளர்கள் சேர்ந்து 'ஆல்ஃபா' என்று ஒரு கூட்டுறவு ஆரம்பித்தார்கள். அது பிறகு தையல் மெஷின் கம்பெனியாக மாறியது. துப்பாக்கி செய்த பட்டறைகள் சைக்கிளுக்கும் மாறின. கூட்டாகச் சேர்ந்து செய்வது அந்த ஊருக்குப் புதிதல்ல.

உள்நாட்டுப் போரில், 1937ல், குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி இடிந்தது. மூன்று வருஷம் கழித்து, ஊர் மறுபடி எழுந்து கொண்டிருந்தபோது, இரண்டு உள்ளூர் அணிகள் ஒன்று சேர்ந்து 1940ல் எய்பார் கிளப் பிறந்தது. 1947ல் இபுருவா மைதானம். அன்று முதல் இன்று வரை அதே இடம்தான். சுற்றி அடுக்குமாடி வீடுகள், பால்கனியிலிருந்தே மேட்ச் பார்க்கலாம்.

1988 முதல் 2006 வரை தொடர்ந்து 18 சீசன் இரண்டாம் பிரிவில் ஆடினார்கள். விலைக்கு வாங்கப் பணம் இல்லாததால் பெரிய கிளப்புகளின் இளம் வீரர்களைக் கடனாக வாங்கி ஆட வைத்தார்கள். ஷாபி அலோன்சோ, டேவிட் சில்வா இருவரும் அப்படி எய்பாரில் ஆடியவர்கள்தான். வீரர்களைக் கடன் வாங்கினார்களே தவிர, பணத்தைக் கடன் வாங்கவில்லை :)

2013ல் மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். மறு வருஷமே, 2014ல், இரண்டாம் பிரிவில் முதலிடம். வரலாற்றில் முதல் முறையாக லா லீகாவுக்கு, அதாவது மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆடிய முதல் பிரிவுக்குத் தகுதி.

தலைக்கட்டு வரி

இங்கேதான் சிக்கல் வந்தது. ஸ்பெயின் சட்டப்படி ஒரு கிளப்பின் பங்கு மூலதனம், இரண்டாம் பிரிவு கிளப்புகளின் சராசரிச் செலவோடு பொருந்தும் ஒரு அளவுக்குமேல் இருக்க வேண்டும். எய்பாருக்குக் கடனே இல்லை. ஆனால் மூலதனம் சின்னது. சுமார் 17.2 லட்சம் யூரோ (அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 14 கோடி ரூபாய்) திரட்டாவிட்டால், மேலே ஏறுவதற்குப் பதில் கீழே இறக்கிவிடுவார்கள். கோடிக்கணக்கில் கடன் வைத்திருந்த கிளப்புகள் ஜாம் ஜாமென்று ஆட, கடனில்லாத கிளப்புக்கு இந்தக் கதி!

ஒரு பணக்காரரைக் கூப்பிட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். எய்பார் அப்படிச் செய்யவில்லை. பங்கு 50 யூரோ, அதாவது சுமார் 4,000 ரூபாய், என்று பொதுமக்களிடம் விற்றது. ஒரு ஆள் அதிகபட்சம் 1 லட்சம் யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பும் வைத்தது. எந்தத் தனி மனிதர் கையிலும் கிளப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். அலோன்சோவும் சில்வாவும் ஆதரவு கொடுத்தார்கள். ஸ்பெயின் மட்டுமில்லை, பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். கெடுவுக்கு முன்பே பணம் சேர்ந்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது தலைக்கட்டு வரி. நம்ம மாவட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று நோட்டுப் போட்டு வசூலிப்போம். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களும் அனுப்புவார்கள். வசதி உள்ளவர் கூடுதலாகக் கொடுக்கலாம், ஆனால் வரி கொடுத்த எல்லோருக்கும் திருவிழா சொந்தம். ஒருவர் விலகிவிட்டார் என்பதற்காகத் தேர் நிற்காது. எய்பார் 2014ல் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான்.

கடன் இல்லாததன் லாபம்

2014-15ல் லா லீகாவின் முதல் மேட்சிலேயே பக்கத்து ஊர் ரியல் சொசிடாடை 1-0 என்று ஜெயித்தார்கள். பாதி சீசன் நன்றாகப் போய், பிறகு தொடர் தோல்வி. கடைசியில் 18வது இடம். விதிப்படி கீழே இறங்க வேண்டும். ஆனால் 13வது இடத்தில் முடித்த எல்ச்சே கிளப் வரிப் பாக்கிக்காக இறக்கப்பட்டது. அந்த இடத்தில் எய்பார் தப்பியது. மைதானத்தில் தோற்றதை, கணக்குப் புத்தகம் காப்பாற்றிக் கொடுத்தது!

அதன்பின் 2021 வரை, மொத்தம் ஏழு சீசன் லா லீகாவில். 24.11.2018 அன்று இபுருவாவில் ரியல் மாட்ரிட்டை 3-0 என்று அடித்தார்கள். கோவையில் மான்சி கோலாகப் போட்டுக்கொண்டிருந்த அதே சீசன் அது. 2021ல் கடைசி இடம் வந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். 2022ல் கடைசி நாளில் அல்கோர்கோனிடம் தோற்று நேரடியாக மேலே ஏறும் வாய்ப்பை விட்டார்கள். அந்த ஊருக்கு அது பெரிய அழுகை. ஆனால் அடுத்த சீசனுக்கு அதே மைதானத்தில் அணி இறங்கியது.

கடைசியாக

எய்பாருக்கும் கொரோனா வந்தது, தரம் இறங்கியது, நல்ல வீரர்கள் போனார்கள். சென்னை சிட்டிக்கு நடந்ததில் பெரும்பாலானது அவர்களுக்கும் நடந்தது. வித்தியாசம் மூன்று: இறங்கினால் திரும்ப ஏற ஒரு ஏணி, 1947 முதல் மாறாத ஒரு மைதானம், ஆயிரக்கணக்கான சின்னப் பங்குதாரர்கள். முதலாவதை லீக் தர வேண்டும். மற்ற இரண்டையும் ஊர்தான் தர முடியும். சென்னை, கோவை, அகமதாபாத் என்று மாறிய கிளப்பை எந்த ஊர் தன்னுடையது என்று சொல்லியிருக்கும்?

மான்சியின் 21 கோலும் போராவின் இரண்டு கோலும் ஒருநாளும் அழியாது. அந்தக் கோப்பை நம் மாநிலச் சரித்திரத்தில் இருக்கும். ஆனால் அந்த அணியைப் பார்த்து பந்து உதைக்க ஆரம்பித்த கோவைப் பையன் இன்று போய் நிற்க அந்த கிளப் இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

கோவிலுக்கும் ஜல்லிக்கட்டுக்கும் நோட்டுப் போடத் தெரிந்த ஊர்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. ஒரு ஃபுட்பால் கிளப்புக்கு அப்படி ஒரு நோட்டுப் போட்டால் உங்கள் ஊரில் எத்தனை வீடு பெயர் கொடுக்கும்? யோசித்துச் சொல்லுங்கள்.