பீரோவில் கிடைத்த பழைய பேனாவுக்கு என்ன வயசு? நீங்களே கண்டுபிடிக்கலாம்!

நிப்பின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். உலோக மூடி பளபளக்கும். இப்படி ஒரு பேனா தாத்தாவின் பீரோவில் கிடைச்சாலும் சரி, ஆன்லைனில் 'விண்டேஜ்'னு பெரிய விலைக்கு வந்தாலும் சரி, '1940-கள் பார்க்கர் 51'னு உடனே நம்பிடாதீங்க. சீனாவின் ஹீரோ பேனாக்களும் இதே சாயலில் வந்தவைதான். 2021-ல் பார்க்கரே புது '51' ஒன்றை வெளியிட்டது. தோற்றம் ஏமாற்றும். ஆனா, இந்த நாலு விஷயம் ஏமாற்றாது.

1. மூடி

1941-ல் விற்பனைக்கு வந்த அசல் 51-ன் மூடியை நேராக இழுத்தாலே கழன்று வரும். திருகித்தான் கழற்ற முடியுதுன்னா, அது 2021 மாடல்.

2. இங்க் நிரப்பும் முறை

பேனாவின் பின்முனையில் இருக்கும் குட்டி மூடியைத் திருகி எடுத்தா உள்ளே ஒரு பொத்தான் தெரியுதா? அது 'வேக்குமேட்டிக்'. அமெரிக்கத் தயாரிப்பில் 1941 முதல் 1948 வரை இந்த முறைதான். உடல்பகுதியைக் கழற்றினால் உலோகக் கூடும், அழுத்தும் பட்டையும் இருக்கா? அது 1948-க்குப் பிறகு வந்த 'ஏரோமெட்ரிக்'. இறுகியிருந்தா பலவந்தமாகத் திருகாதீங்க, உடைஞ்சிடும்.

3. உடலில் உள்ள எண்

மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடிச்சு, கேமராவில் ஜூம் பண்ணுங்க. 'மேட் இன் யுஎஸ்ஏ' வரிக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தா, அது வருஷத்தின் கடைசி இலக்கம். '1'னு இருக்கா? வேக்குமேட்டிக்கா இருந்தா 1941, ஏரோமெட்ரிக்கா இருந்தா 1951. எண்ணோடு மூணு புள்ளி இருந்தா ஜனவரி - மார்ச். காலாண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. அதனால், புள்ளியே இல்லைன்னா அக்டோபர் - டிசம்பர். 1950-களில் இந்த எண்ணையே போடாம விட்டுட்டாங்க. எனவே எண் இல்லாததால் மட்டும் பேனா போலி ஆகிடாது.

4. மூடியின் விளிம்பில் உள்ள எழுத்து

1980-க்குப் பிறகு வந்த மற்ற பார்க்கர் பேனாக்களில் 'குவாலிட்டி பென்' என்ற ஆங்கிலச் சொற்களின் 10 எழுத்துகளே வருஷக் குறியீடு. க்யூ என்றால் 0, யூ 1, ஏ 2, எல் 3, ஐ 4, டி 5, ஒய் 6, பி 7, இ 8, என் 9. டி இருந்தா 1985, 1995, 2005 என எதுவாகவும் இருக்கலாம். அந்த மாடல் எப்போ விற்பனையில் இருந்ததுன்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

வாங்கும் முன்...

மூடி ஒரு பேனாவிலிருந்தும், உடல் இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். உடலில் உள்ள எண் உடலுக்கு மட்டுமே சாட்சி. அந்த எழுத்துகளின் க்ளோஸ்-அப் போட்டோவைக் கேளுங்க. தர மறுத்தா விண்டேஜ் விலை கொடுக்காதீங்க.

வீட்டிலேயே கிடைச்ச பேனான்னா, பளபளப்பாக்கணும்னு பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க. அந்த எழுத்துகள் ஆழமில்லாதவை. ஒருமுறை அழிஞ்சுட்டா, வயசைச் சொல்லும் ஆதாரமும் சேர்ந்தே போயிடும்!