கண்ணாடிப் பேழையில் ஊனுண்ணிச் செடிகள்

பூச்சியைப் பிடித்துண்ணும் செடிகளை வீட்டில் வளர்க்கும் வழக்கம் இங்கிலாந்தில் உருப்பெற்றது. அமெரிக்காவின் வட கரோலினா சதுப்புகளில் ஈயைப் பிடிக்கும் செடி ஒன்று இருப்பதை அப்பகுதியின் ஆளுநர் ஆர்தர் டாப்ஸ் 1759-இல் லண்டனுக்கு எழுதித் தெரிவித்தார். 1768-இல் அந்த வீனஸ் ஈப்பொறிச் செடிகள் உயிருடன் இங்கிலாந்து சேர்ந்தன. பூச்சி அதற்கு உணவாகலாம் என்று இயற்கையியலாளர் ஜான் எல்லிஸ் கருதினார். தாவரவியலாளர் லின்னேயஸ் அதை ஏற்கவில்லை. தொட்டாற்சிணுங்கியைப் போலத் தொடுவதால் மட்டுமே இலை மூடுகிறது என்று எண்ணினார்.

ஈரக்காற்றில் வாழும் இத்தகைய செடிகளுக்கு லண்டனின் நிலக்கரிப் புகையும் வறண்ட அறைகளும் ஒத்துவரவில்லை. அங்கே மருத்துவராக இருந்த நத்தானியேல் வார்டு, 1829-இல் ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் மூடிய புட்டியில் வைத்தபோது, மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தன. மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் நீராகப் படிந்து, மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. இதைக் கொண்டு அவர் அமைத்த பேழைகள் 1833-இல் கப்பலேறி, செடிகள் வாடாமல் சிட்னியை அடைந்தன. 1845-இல் பிரிட்டன் கண்ணாடி வரியை நீக்கியதும் பேழைகள் வீட்டுக் கூடங்களுக்கும் பரவின.

வெப்பமண்டலக் குடுவைச் செடியான நெப்பந்தீஸ் மட்டும் செல்வர்களின் சூடேற்றிய கண்ணாடி வீடுகளிலேயே நின்றது. லண்டனின் செல்சியிலிருந்த வீச் நாற்றுப் பண்ணை அதில் முன்னணியில் இருந்தது. வீச் நிறுவனத்தின் ஜான் டொமினி 1862-இல் முதல் கலப்பின நெப்பந்தீஸை உருவாக்கினார். 1878-இல் ஃபிரெடரிக் பர்பிட்ஜ் போர்னியோவின் கினபாலு மலையிலிருந்து மிகப் பெரிய குடுவை கொண்ட நெப்பந்தீஸ் ராஜாவைப் பண்ணைக்குக் கொண்டுவந்தார்.

செடியின் உணவு பற்றிய ஐயத்தை டார்வின் குடும்பம் தீர்த்தது. சார்லஸ் டார்வின் 1860-இல் அழுகண்ணி என்ற பூச்சிபிடிக்கும் செடியை ஆராயத் தொடங்கி, 1875-இல் ஊனுண்ணிச் செடிகள் பற்றி நூல் வெளியிட்டார். இறைச்சித் துணுக்குகள் பெற்ற அழுகண்ணி மற்றவற்றைவிட மிகுதியாக விதை தருவதை அவர் மகன் பிரான்சிஸ் 1878-இல் காட்டினார். சத்துக் குறைந்த சதுப்பு மண்ணில் கிடைக்காத நைட்ரஜனை இவை பூச்சியிலிருந்து பெறுகின்றன. உரமிட்ட மண்ணும் உப்பு மிகுந்த நீரும் வேரைக் கெடுப்பதற்கும் இந்தத் தகவமைப்பே காரணம். அதனால்தான் பேழையில் ஸ்பாக்னம் பாசியும் கரியும் மழைநீரும் பயன்படுகின்றன.

வீச் பண்ணையின் செல்சி கிளை 1914-இல் மூடப்பட்டது. முதல் உலகப் போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டில் பல கண்ணாடி வீடுகள் குளிர்ந்தன. 1972-இல் சர்வதேச ஊனுண்ணித் தாவரச் சங்கம் தொடங்கிய பின் வளர்ப்போர் விதைகளையும் அனுபவத்தையும் பகிர்ந்துகொண்டனர். திசு வளர்ப்பு செடிகளைப் பெருக்கியது. மின்விளக்கு வெயிலுக்கு மாற்றானது. செல்வர்களிடம் மட்டும் இருந்தவை சாதாரண வீடுகளின் மேசைக்கு வந்தன.

காட்டிலிருந்து பிடுங்கிச் செல்வதும் கூடவே வளர்ந்தது. நெப்பந்தீஸ் ராஜாவும் மேகாலயாவின் நெப்பந்தீஸ் காசியானாவும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய ஒப்பந்தமான சைட்டீஸின் முதல் பட்டியலில் உள்ளன. வட கரோலினாவில் ஈப்பொறிச் செடியைத் திருடுவது 2014 முதல் கடுங்குற்றம். இன்று வீட்டுப் பேழைகளுக்குச் சட்டப்படி வருபவை பெரும்பாலும் பண்ணைகளிலும் ஆய்வகங்களிலும் பெருக்கிய செடிகளே.