வீரமும் பூரமும்: குளோரைடுப் பெயரீடும் வளைகுடாத் தமிழரும்

ஒரு சேர்மத்தை மற்றொன்றினின்று ஐயமறப் பிரித்துக் காட்டுவதே வேதியியற் பெயரீட்டின் முதற் கடன். தமிழில் இக்கடன் நிறைவேறிய வகையை ஆராய இரசத்தின் இரு குளோரைடுகள் தக்க சான்றாகும். சித்த மருத்துவ மரபு அவற்றை வீரம், பூரம் என வழங்கியது. வீரத்தில் ஓர் இரச அணுவுக்கு இரண்டு குளோரின் அணுக்கள் உள்ளன. பூரத்தில் ஒன்றுக்கு ஒன்றே. வீரம் நீரில் கரையும் கொடிய நஞ்சு. பூரம் நீரில் கரைதல் மிக அரிது. இவ்வேறுபாட்டை மரபு நன்கறிந்திருந்தது. எனினும் அப்பெயர்கள் பொருளின் இயைபை உணர்த்தவில்லை.

பெயரே இயைபைச் சொல்லவேண்டும் என்னும் கொள்கையை இலவாசியே முதலிய பிரெஞ்சு அறிஞர் நால்வர் 1787இல் நிறுவினர். குளோரின் ஒரு தனிமம் என 1810இல் டேவி நிலைநாட்டிய பின்னர்க் குளோரைடு என்னும் வகைப்பெயர் உருவாயிற்று. இப்புதிய வேதியியலைத் தமிழுக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவருடைய ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. 1916இல் இராசாசி முதலியோர் அறிவியற் கலைச்சொற்களுக்கெனவே ஓர் இதழ் நடத்தினர்.

பிற்காலத்தில் பாடநூல்களில் நிலைபெற்ற மெர்க்குரஸ், மெர்க்குரிக் என்னும் ஒலிபெயர்ப்புகள் புதியதோர் இடரை உண்டாக்கின. ஐரோப்பிய மொழிகளில் அவ்வீறுகள் பொருள் தருவன. தமிழ் மாணவர்க்கோ அவை வெற்றொலிகளே. ஈற்றில் ஓரெழுத்துப் பிறழினும் பூரம் வீரமாகிவிடும். 1919இல் ஆல்பிரட் ஸ்டாக் முன்மொழிந்த முறை, உலோகப் பெயரை அடுத்து அடைப்பில் எண்ணை இடுகிறது. ஒன்று, இரண்டு என்னும் வேறுபாடு எம்மொழியினர்க்கும் விளங்குவது. அயல் ஈறுகளைத் தமிழ் சுமக்க வேண்டியதில்லை.

இவ்வரலாறு வளைகுடா நாடுகளில் நடைமுறைச் சிக்கலாகவே நிற்கிறது. அங்குத் தமிழகத்தில் ‘ஹைட்ரஜன் குளோரைடு’ எனப் பயின்றவரும் இலங்கையில் ‘ஐதரசன் குளோரைட்டு’ எனப் பயின்றவரும் உடன் பணியாற்றுகின்றனர். கொள்கலன்களில் காணும் அரபுப் பெயரிலோ குளோரைடு முன்னும் உலோகம் பின்னும் அமையும். பழஞ்சொற்களிடையே உறவும் உண்டு: அம்மோனியம் குளோரைடைக் குறிக்கும் நம் நவச்சாரமும் அரபியின் நூஷாதிரும் ஒரு குடும்பத்தனவாகக் கருதப்படுகின்றன.

எழுத்துப்பெயர்ப்பில் இரு நாட்டு மரபுகளும் இணங்கக் காலம் ஆகலாம். ஆயினும் உலோகம் முன், எண் அடுத்து, குளோரைடு இறுதி என்னும் வரிசையை இருசாராரும் இன்றே ஏற்கலாம். நச்சுப் பொருளைக் கையாளும் தொழிலாளிக்குப் பெயரின் தெளிவே முதற் காப்பு என்பது இக்கட்டுரையின் முடிபு.