உயரமானியைச் சோதித்த வரலாறு

ஆகாயத்திலே செல்லும் விமானிக்கு உயரத்தை அறிவிக்கும் உயரமானி, உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. விமானத்தைச் சூழ்ந்துள்ள காற்றின் அமுக்கத்தையே அது அளக்கின்றது. மேலே செல்லச் செல்ல அவ்வமுக்கம் குறையும் என்பதை 1648ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி பிரான்சு தேசத்திலே புளோரின் பெரியே என்பவர் நிறுவினார். தம் மைத்துனராகிய பஸ்காலின் வேண்டுகோட்படி அவர் இரசப் பாரமானியொன்றைப் பூய் த டோம் மலையுச்சிக்குக் கொண்டு சென்றார். செல்லுமுன் கீழேயும் ஒரு பாரமானியை நிறுத்தி, அதனை நாள் முழுவதும் கவனித்துவர ஒருவரை அமர்த்திச் சென்றார். ஒரு கருவி சொல்வதை மற்றொரு கருவி கொண்டு சரிபார்க்கவேண்டும் என்னும் எண்ணம், உயரமானி பிறப்பதற்கு முன்னரே பிறந்துவிட்டது எனலாம்.

1844இல் லூசியன் வீடி என்னும் பிரான்சியர் இரசமின்றி இயங்கும் பாரமானியை ஆக்கினார். காற்று அகற்றப்பட்ட மெல்லிய உலோகச் சிமிழ் அமுக்கத்துக்கேற்ப விரிந்து சுருங்க, அவ்வசைவு முள்ளைத் திருப்பும். ஆதி விமானங்களில் இருந்த உயரமானிகள் இவ்வகையினவே. ஆயினும், மூடுபனியில் தரையிறங்குவதற்கு அவற்றை நம்பியவர் உயிரைப் பணயம் வைத்தவராவர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த போல் கொல்ஸ்மன், மணிக்கூட்டுச் சக்கரங்களையொத்த நுண்மையுடைய பற்சக்கரங்களைக் கொண்டு ஒரு சில அடி வேறுபாட்டையும் காட்டவல்ல உயரமானியைச் செய்தார். 1929 செப்டெம்பர் 24ஆந் திகதி ஜிம்மி டூலிற்றில், வெளியுலகம் சிறிதும் தோன்றாதபடி மூடப்பட்ட ஆசனத்தில் அமர்ந்து, அவ்வுயரமானியையும் ஸ்பெரியின் ஜைரோஸ்கோப் கருவிகளையும் வானொலிச் சமிக்ஞையையும் மட்டுமே துணையாகக் கொண்டு மேலெழுந்து, பறந்து, தரையிறங்கினார். காவலாக உடன்சென்ற விமானி கட்டுப்பாட்டுக் கோல்களைத் தொடவில்லை.

கண்ணை விட்டுக் கருவியை நம்பத் தொடங்கிய அன்றே, கருவியை யார் சோதிப்பது என்னும் கேள்வியும் எழுந்தது. கடல் மட்டத்தருகே ஒரு மில்லிபார் அமுக்க வேறுபாடு ஏறக்குறைய 27 அடி உயரத்துக்குச் சமம். 40,000 அடி உயரத்திலோ, அதே ஒரு மில்லிபார் ஏறக்குறைய 110 அடியாகின்றது. தரையில் அற்பமாகத் தோன்றும் பிழை மேலே நான்கு மடங்காகப் பெருகும்.

சோதனை கையால் நடைபெற்ற காலத்தில், உயரமானியைக் காற்றுப் புகாத பெட்டியினுள் வைத்து, பம்பினாற் காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றுவர். தொழினுட்பவியலாளர் வால்வைத் திருகி, இரச நிரலைக் குறித்த அளவில் நிறுத்துவார். வெப்பநிலைக்கு வேண்டிய திருத்தத்தையும் கணக்கிடுவார். முள்ளின் உராய்வு நீங்கும்படி கருவியை இலேசாக அதிரச் செய்து, அளவைப் பார்த்து ஏட்டிற் குறிப்பார். இவ்வாறு கடல் மட்டத்திலிருந்து உச்ச உயரம் வரை ஒவ்வொரு படியாகச் செல்லவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் விதிகளின்படி ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடமாவது காத்திருத்தல் அவசியம். கடல் மட்டத்தில் 20 அடியும், 40,000 அடியில் 230 அடியுமே அங்கு அனுமதிக்கப்பட்ட பிழை. உலோகச் சிமிழுக்கோ ஒரு பிடிவாதமுண்டு. ஏறும்போது ஓரளவையும், இறங்கும்போது அதே இடத்தில் வேறோர் அளவையும் அது காட்டும். ஆகவே, வால்வைச் சற்று அதிகமாகத் திருகிக் குறித்த அளவைத் தாண்டிவிட்டால், மெல்லப் பின்னால் வந்து சரிசெய்ய முடியாது. அந்தச் சோதனையைத் திரும்பத் தொடங்கவேண்டும். பிற்பகல் நான்கு மணிக்கு, அன்றைய பத்தாவது கருவியைக் கையிற் கொண்டவர் அவ்வாறு திரும்பத் தொடங்குவாரா என்பது அவருடைய மனச்சாட்சியைப் பொறுத்தது. முள்ளைப் பக்கவாட்டிற் பார்த்தமையால் வரும் பிழையையும், எண்ணை மாற்றி எழுதியமையால் வரும் பிழையையும் பின்னர் எவரும் கண்டுபிடிக்க வழியில்லை.

மனிதக் கண் எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதை 1947இல் போல் பிற்ஸ், றிச்சட் ஜோன்ஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர் இருவர் விமானிகளின் வாய்மொழியாகவே திரட்டி வெளியிட்டனர். மூன்று முட்கள் கொண்ட உயரமானியில் ஆயிரம், பத்தாயிரம் அடிகளைத் தவறாக வாசித்தல் அவற்றுள் முக்கிய இடம்பெற்றது. 1958 டிசெம்பர் 24ஆந் திகதி இங்கிலாந்தின் விங்ற்றன் என்னுமிடத்தில் பிரிற்றானியா விமானமொன்று, பறப்புத் தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்கும் சோதனைப் பறப்பின் போது தரையில் மோதியது. பன்னிருவருள் ஒன்பதின்மர் மாண்டனர். 1,500 அடியைக் காட்டிய முட்களை விமானிகள் 11,500 அடியென வாசித்துவிட்டனர்.

1960களின் பிற்பகுதியில் விமானக் கம்பனிகள் ஒன்றுகூடி, அட்லஸ் எனப்படும் சோதனை மொழியொன்றை வகுக்கத் தொடங்கின. எந்த உள்ளீட்டைக் கொடுத்து, எந்த விடையை எதிர்பார்ப்பது என்பதை எவ்வித ஐயமுமின்றி எழுதுவதே அதன் நோக்கம். அளக்கும் கருவிகளைக் கணினியுடன் இணைக்கும் முறை 1975இல் நியமமாக்கப்பட்டது. அமுக்கத்துக்கேற்ப அதிர்வெண் மாறும் படிகங்கள் இரச நிரலின் இடத்தைப் பிடித்தன. இயந்திரம் அமுக்கத்தைத் தாண்டாமல் நிறுத்தும், குறித்த நேரம் பொறுத்திருக்கும், முடிவைத் தானே பதியும், களைப்படையாது. எனினும், முள்ளுடைய பழைய உயரமானிக்கு முன்னால் மனிதர் அமர்ந்து அளவை வாசித்தே ஆகவேண்டும். மின்சமிக்ஞையாக விடை தரும் வளித்தரவுக் கணினிகள் விமானத்தில் இடம்பெற்ற பின்னரே சோதனை முற்றிலும் தானியங்கியாயிற்று.

சோதனை மேசையில் தேறிய கருவியும் பிறகு மனிதர் கையிலேயே அகப்படுகின்றது. 1996 ஒக்டோபர் 2ஆந் திகதி இரவு பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து 70 பேருடன் புறப்பட்ட விமானம் கடலில் வீழ்ந்தது; எவரும் தப்பவில்லை. விமானத்தைக் கழுவியபோது அமுக்கத் துளைகள் மீது ஒட்டப்பட்ட நாடா அகற்றப்படவில்லை. கருவிகள் முரண்பட்டதைக் கண்ட விமானிகள் தம் உயரத்தைத் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரிடம் கேட்டனர். அவர் திரையைப் பார்த்து 9,700 அடி என்றார். அந்த எண்ணோ அதே விமானத்தின் அதே பழுதுற்ற உணர்வழியிலிருந்து வானொலி மூலம் வந்த எண்ணாகும்.

1997 மார்ச் 27ஆந் திகதி முதல் வட அத்திலாந்திக்கில், உயரப் பறக்கும் விமானங்களுக்கிடையே இருந்த 2,000 அடி இடைவெளி 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. வங்காள விரிகுடாவுக்கு மேலான பாதைகளும் 2003இல் இம்முறைக்கு மாறின. இதற்கென வேல்சிலுள்ள ஸ்றம்பிள் முனை போன்ற இடங்களில் கண்காணிப்பு நிலையங்கள் நிறுவப்பட்டன. கடந்து செல்லும் விமானத்தின் சமிக்ஞை வெவ்வேறு கோபுரங்களை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு, அதன் உண்மை உயரத்தை அவை கணிக்கின்றன. விமானம் தன்னைப் பற்றிக் கூறும் உயரத்தை அவை நம்புவதில்லை. வானிலைத் தரவுகளின் துணையுடன் அதனைத் தம் கணிப்போடு ஒப்பிடுகின்றன. உயரமானித் தொகுதியின் பிழை 245 அடியைத் தாண்டினால், விமானியே அறியாத அச்செய்தி அவருடைய கம்பனிக்கு அனுப்பப்படுகின்றது.