பாசிக்குப் பெயர் வைத்தவர்கள்

சரவணம்பட்டியில் அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. பவளமும் மீனும் அண்ணனின் ஆசை; பாசியைச் சுரண்டுவது நங்கையின் வேலை. சென்ற மாதம் பெயர் தெரியாத பாசி ஒன்று பாறையைப் பிடித்துக்கொண்டது. "புடுங்கப் புடுங்க வருது கண்ணு, என்ன கருமம்னே தெரியல" என்றார் நங்கை. பெயர் தெரிந்தால்தான் வழி தெரியும். சில பாசிகளை நத்தை தின்றுவிடும். சில, மீன் தீனியையும் வெளிச்சத்தையும் குறைத்தால் ஒடுங்கும். சில, பிய்ந்த துண்டிலிருந்தே மறுபடி முளைக்கும்.

பாசியை அடையாளம் கண்ட பெண்களின் கதை, பெரும்பாலும் கூலியில்லாத உழைப்பின் கதை. இங்கிலாந்தின் காத்லீன் ட்ரூ 1928இல் திருமணம் செய்துகொண்டார். மணமான பெண்களுக்கு வேலை தராத மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதன்பின் சம்பளமின்றி ஆய்வு செய்தார். கிளிஞ்சலுக்குள் வளரும், தனி இனம் என்று கருதப்பட்ட செந்நிறப் பாசி, உண்ணும் பாசியான போர்ஃபைராவின் இன்னொரு பருவமே என்று 1949இல் காட்டினார். ஜப்பானின் நோரி வளர்ப்பு அதனால் நிலைபெற்றது. 1963இல் அங்கே அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதைக் காண அவர் இல்லை, 1957இலேயே இறந்துவிட்டார்.

நம் மன்னார் வளைகுடாவில் அடையாளம் காண்பது விரலின் வேலை. பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பிரித்துச் சொல்வதை அறிவியல் ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம் என்கிறது. மரிக்கொழுந்திலிருந்து எடுக்கும் அகர் ஆய்வகத் தட்டுகளில் கிருமி வளர்க்க உதவுகிறது.

1986இல் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. தலைமுறையாகச் சென்ற இடத்தில் இந்தப் பெண்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பின்னர், 2000களில், அதே கரையில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூலம் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி வளர்ப்பு பரவியது. பெப்சி நிறுவனம் ஊக்குவித்ததால் அதற்குப் பெண்கள் வைத்த பெயர் 'பெப்சி பாசி'. அது குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரு துண்டு போதும், அது மீண்டும் வளரும். பாதிப்பின் அளவு குறித்து வாதம் நடந்தது. ஆனால் மூழ்கிப் பறித்தவள்மீது விழுந்த சந்தேகம், பாசியைக் கொண்டுவந்த திட்டங்கள்மீது அவ்வளவு எளிதில் விழவில்லை.

அந்தப் பெண்களோ மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது என்று தாங்களே வரம்பு கட்டிக்கொண்டார்கள். சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது அந்தக் கூட்டு உழைப்புக்காகத்தான். கடலை நிர்வகிப்பது பற்றிய கூட்டங்களில் அவர்களுக்கு நாற்காலி போடுவது இன்னும் வழக்கமாகவில்லை.

நங்கை இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எந்தப் பாசி, எந்தத் தேதியில் வந்தது, எதற்கு ஒடுங்கியது என்று எழுதுகிறார். முதல் பக்கத்தில் தன் பெயரையும் எழுதியிருக்கிறார்.